போட்டவருக்கே அழிக்க உரிமை இல்லையா? நெக்ஸஸ் மாட்ஸ் சண்டை, மறுபடியும்

பழைய_ஃப்ளாப்பி:
போன வாரம் ஸ்கைரிமைத் திரும்ப நிறுவினேன். 2011-இல் வந்த கேம், இன்னும் விட்டபாடில்லை. பழைய மாட் (கேமை மாற்ற ரசிகர்கள் செய்து போடும் கோப்பு) பட்டியலை எடுத்து, அவற்றைப் பகிரும் நெக்ஸஸ் தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடினால் பத்துக்கு மூன்று காணோம். (வீட்டில் "மாட் காணோம்" என்றேன், அம்மா எந்த வீட்டு மாடு என்கிறார்.) மறைத்து வைத்தவை இல்லை, 2021-இல் அடியோடு அழித்தவை. கதை தெரியாதவர்களுக்கு: அந்த வருடம் ஜூலையில் நெக்ஸஸ் விதியை மாற்றியது. இனி மாட் செய்தவர் தன் கோப்பை நிரந்தரமாக அழிக்க முடியாது, காப்பகத்துக்குள் தள்ளலாம், அவ்வளவுதான். பக்கத்தில் தெரியாது, ஆனால் கலெக்ஷன் வழியாக வருபவருக்குக் கிடைக்கும். கலெக்ஷன் என்றால் யாரோ ஒருவர் நூறு, இருநூறு மாட்களை வரிசைப்படுத்திக் கட்டிய மூட்டை. பிடிக்காதவர்கள் ஆகஸ்ட் 5-க்குள் சொன்னால் எல்லாவற்றையும் அழித்துத் தருகிறோம் என்று ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள், கோபத்தில் பலர் அழித்துவிட்டுப் போனார்கள். ஆயிரக்கணக்கானோர் இறக்கி, அதை நம்பி இன்னும் பத்து மாட்கள் கட்டப்பட்ட பிறகும் அது ஒருவருடைய தனிச் சொத்தா?

மெஷ்_தச்சன்:
ஆமாம், தனிச் சொத்துதான். அந்த ஒரு மாதத்தில் அழித்தவர்களில் நானும் ஒருவன். காலேஜ் மூன்றாம் வருடம், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் எட்டு மாதம் உட்கார்ந்து, ஸ்கைரிமில் வரும் ஒயிட்ரன் நகரத்தின் மதில் சுவரைக் கல் கல்லாகச் செய்தவன் நான். அந்தக் கலெக்ஷனில் என்ன நடக்கிறது தெரியுமா? பிரீமியம் கட்டியவருக்கு ஒரே கிளிக்கில் எல்லாம் இறங்கும், இலவசக் கணக்குக்காரர் ஒவ்வொரு மாடுக்கும் தனித்தனியாக அழுத்திக்கொண்டு உட்கார வேண்டும். அதாவது அவர்கள் விற்பது வசதியை, அதற்குச் சரக்கு நாங்கள். சரி, பணத்தை விடுங்கள். என் பழைய பதிப்பில் ஒரு பிழை, விளையாடிச் சேமித்த சேவ் கோப்பையே கெடுத்துவிடும். திருத்திப் புதியதைப் போட்டுப் பழையதை எடுத்தேன். கலெக்ஷனில் பழைய பதிப்பே உட்கார்ந்திருந்தால் திட்டு யாருக்கு வரும்? எனக்கு.

ராத்திரி_லோடர்:
அண்ணா, பழைய பதிப்பு வேண்டும் என்பதே எங்கள் பிழைப்பு. 2021 நவம்பரில் ஆனிவர்சரி எடிஷன் வந்து கேமை 1.6 பதிப்புக்குத் தூக்கியதே, ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற துணைக் கருவியை நம்பி இருந்த மாட்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் படுத்துக்கொண்டன. பாதிப் பேர் 1.5.97-க்கே இறங்கி வந்தோம். அதற்குப் பொருந்தும் பழைய மாட் பதிப்பை ஆசிரியர் "எதுக்கு இது" என்று நீக்கியிருந்தால் நாங்கள் எங்கே போவது? கோடு (நிரல்) எழுதுகிறவர்கள் இதை ஏற்கெனவே பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 2016-இல் ஒருவர் நிரல்களைப் பகிரும் என்பிஎம் களஞ்சியத்தில் இருந்து லெஃப்ட்-பேட் என்ற தன் குட்டி நிரலை எடுத்தார், மொத்தம் 11 வரி, உலகம் முழுக்க அதை நம்பியிருந்த மென்பொருள் பில்டுகள் உடைந்தன. அதோடு அவர்களும் நினைத்தபடி எடுக்க முடியாதபடி விதியை இறுக்கினார்கள்.

மெஷ்_தச்சன்:
நல்ல உதாரணம், தப்பான இடத்தில். அது திறந்த உரிமத்தில் கொடுத்த கோடு, கொடுத்தது கொடுத்ததுதான். என் பக்கத்தில் "வேறு எங்கும் ஏற்றாதீர்கள்" என்று தெளிவாக எழுதியிருந்தேன். 2015 ஏப்ரல் ஞாபகம் இருக்கா? ஸ்டீம் கேம் கடையில் ஸ்கைரிம் மாட்களைக் காசுக்கு விற்கலாம் என்று கடையை நடத்தும் வால்வும் கேமைச் செய்த பெதஸ்டாவும் ஆரம்பித்தார்கள், செய்தவருக்கு 25 சதவீதம், எதிர்ப்பு தாங்காமல் ஒரே வாரத்துக்குள் சுருட்டிக்கொண்டார்கள். அப்போது "மாட் என்பது அன்பளிப்பு, காசு கேட்காதே" என்று எங்களைத் திட்டிய அதே கூட்டம் இப்போது "இது பொதுச்சொத்து, திரும்ப எடுக்காதே" என்கிறது. காசும் கேட்கக் கூடாது, பொருளும் என்னுடையது இல்லை. அப்புறம் எனக்கு என்னதான் மிச்சம் ப்ரோ?

பழைய_ஃப்ளாப்பி:
இது நியாயமான கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டூம் ஆட்களைப் பாருங்கள். 1993 டிசம்பரில் கேம் வந்தது, 1994-இல் யாரோ ஒரு பையன் செய்த லெவல் இன்றும் ஐடிகேம்ஸ் காப்பகத்தில் கணக்கு இல்லாமல், காத்திருக்காமல், காசில்லாமல் இறங்குகிறது, அதுவும் பல நாட்டு மிரர்களில் (பிரதித் தளங்களில்) இருந்து. ஒவ்வொரு வேடோடும் (லெவல் இருக்கும் கோப்பு) ஒரு டெக்ஸ்ட் கோப்பு இருக்கும்: யார் செய்தது, இதை வைத்து வேறு லெவல் செய்யலாமா, எங்கே பகிரலாம். அதில் இருக்கும் மின்னஞ்சல் முகவரிகள் எப்போதோ செத்துவிட்டன, அனுமதி மட்டும் உயிரோடு இருக்கிறது. ஏற்றும்போதே கேட்டார்கள். நெக்ஸஸ் செய்த தப்பு அங்கேதான், பந்தி நடுவில் இலையை மாற்றினார்கள். விதி தப்பு என்று நான் இன்னும் சொல்ல மாட்டேன்.

கார்ட்ரிட்ஜ்_ராணி:
நீங்கள் இரண்டு பேரும் ஒரு தளத்தை நம்பிச் சண்டை போடுகிறீர்கள், எனக்குச் சிரிப்பு வருகிறது. நான் பழைய கேம்களை மாற்றும் ரசிகர்களின் தளமான ரோம்ஹேக்கிங்.நெட் பார்த்து வளர்ந்தவள். அங்கே கேமே ஏற்றக் கூடாது, நீங்கள் மாற்றிய பைட்டுகளை மட்டும் ஒரு சின்ன பேட்ச் கோப்பாகப் போடலாம், கேம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அவ்வளவு கவனமாக இருந்தும் கிட்டத்தட்ட 20 வருடம் ஓடி 2024 ஆகஸ்டில் புதிதாக ஏற்றுவதை நிறுத்தி, மொத்தக் களஞ்சியத்தையும் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகத்திடம் ஒப்படைத்தார்கள். அக்டோபரில் அந்த ஆர்கைவுக்கே ஹேக்கர்கள் புகுந்து 3 கோடிக்கு மேல் கணக்கு விவரம் போனது, தளம் நாள் கணக்கில் படுத்தது. ஏஎம்2ஆர் என்ன ஆச்சு? நின்டெண்டோவின் மெட்ராய்ட் 2 கேமை ரசிகர் ஒருவர் வருடக்கணக்காகத் திரும்பச் செய்து 2016 ஆகஸ்டில் விட்டார், சில நாளிலேயே நின்டெண்டோ நோட்டீஸ், இணைப்பெல்லாம் போச்சு. இன்றும் விளையாட முடிகிறதே, எப்படி? அந்த முதல் சில நாளில் இறக்கி வைத்தவர்கள் இருந்தார்கள், பிறகு வந்த மேம்பாடுகள் அதன் மேல் பேட்சாக வந்தன.

ராத்திரி_லோடர்:
அக்கா சொல்வது சரி, ஆனால் எல்லாரும் எல்லாவற்றையும் இறக்கி வைக்க முடியுமா, என்னிடம் இருப்பதே 500 ஜிபி. கூடவே ஆபத்தும் இருக்கு. 2023 ஜூனில் கர்ஸ்ஃபோர்ஜ் என்ற மாட் தளத்தில் சில கணக்குகளைத் திருடி மைன்கிராஃப்ட் மாட்களுக்குள் ஃப்ராக்சரைசர் என்ற வைரஸைத் திணித்தார்கள். யார் யாரோ தங்கள் மிரரில் வைத்திருக்கும் அந்தப் பிரதியை யார் போய் அழிப்பது? அதனால்தான் பொறுப்புக்கு ஒரு தளம் வேண்டும் என்கிறேன்.

மெஷ்_தச்சன்:
அதாவது தளம் நினைத்தால் அழிக்கலாம், செய்தவன் நினைத்தால் கூடாது. அருமை.

பழைய_ஃப்ளாப்பி:
தச்சன், ஒரு நிமிடம். ஒயிட்ரன் மதில் என்றீர்களே, பாசி படிந்த கருங்கல், மேலே வரிசை கொஞ்சம் இடிந்த மாதிரி? அது என் பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தது. இப்போது என் கேமில் ஓடிக்கொண்டிருப்பதே அதுதான்.

மெஷ்_தச்சன்:
எந்தப் பதிப்பு?

பழைய_ஃப்ளாப்பி:
1.2. அழித்துவிடவா?

மெஷ்_தச்சன்:
1.2 தான் அந்த சேவ் கோப்பைக் கெடுக்கும் பதிப்பு, உடனே எடுங்கள். தனிச்செய்தியில் வாருங்கள், 1.4 தருகிறேன். எங்கேயும் ஏற்றக் கூடாது.

கார்ட்ரிட்ஜ்_ராணி:
எனக்கும் ஒரு பிரதி?

மெஷ்_தச்சன்:
முடியாது.