புதிய பன்ச் முறை: எம்.பி.ஜே. கூட்டத்துக்கு என்ன கொண்டுபோவது?

கிளைச்செயலாளர்_பினாங்கு:
வணக்கம். பினாங்குத் தீவில் ஓர் அரசு அலுவலகம், 3 கட்டடம், சுமார் 600 பேர். வருகை பதியும் பன்ச் கார்டை எடுத்துவிட்டு முகம் பார்க்கும் கருவி, கைபேசிச் செயலி, புது மென்பொருள் என்று பெரிய செலவில் வாங்கப்போகிறார்கள். இருக்கிற கார்டில் ஒரு குறையும் இல்லை. எதிர்ப்பது என்று சங்கம் முடிவெடுத்துவிட்டது. அடுத்த மாதம் எம்.பி.ஜே. (மஜ்லிஸ் பெர்சாமா ஜபாத்தான்) கூட்டம், அதாவது நிர்வாகமும் ஊழியர் தரப்பும் சேர்ந்து உட்காரும் துறைக் கூட்டம். "பிடிக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். எதை வைத்துப் பேசுவது? கருவி வந்தாலும் யாரும் பன்ச் பண்ணவேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள், சரிவருமா?

பிறை_தோழர்:
சரிவராது. அரசு அதிகாரிகளுக்கான 1993 நன்னடத்தை, ஒழுங்கு விதிகளின்படி அது உத்தரவை மீறுவது. காரணம் கேட்கும் கடிதம் சங்கத்துக்கு வராது, ஆளாளுக்கு வரும். முகநூலில் பொங்குவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். 19ஆவது விதி பொது அறிக்கை பற்றியது, மாட்டுவது எளிது.

தொழிலியல் உறவுச் சட்டம் 1967இல் கூட்டுப் பேரம் பற்றிய பகுதி அரசு ஊழியருக்குப் பொருந்தாது (52ஆவது பிரிவு). ஆகவே நம் கையில் இருப்பது கூட்டக் குறிப்புதான். கேள்விகளை எழுத்தில் முன்கூட்டியே கொடுத்து நிகழ்ச்சி நிரலில் ஏற்றுங்கள். "பிறகு பார்ப்போம்" என்றால் அந்தச் சொல்லையே தேதியோடு குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். தலைமைச் சங்கமும், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸும் இதைக் கையிலெடுக்க அந்தத் தாள்தான் வேண்டும்.

கணக்குப்_புலி:
கருவியின் விலையில் சண்டை போடாதீர்கள், அது சின்னக் காசு. 5 வருடச் செலவை ஒரே தாளில் கேளுங்கள்: ஆள் கணக்கில் உரிமக் கட்டணம், வயரிங், சம்பள மென்பொருளோடு இணைப்பு, உத்தரவாதம் முடிந்தபின் பராமரிப்பு, ஒப்பந்தம் முடிந்தால் தரவைத் திருப்பித் தர ஆகும் காசு. கடைசியதைக் கேட்டாலே பல விற்பனையாளர்கள் தலையைச் சொறிவார்கள்.

நியூயார்க் மாநகரத்தின் சிட்டிடைம் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். 1998இல் 6 கோடியே 30 லட்சம் டாலர் என்று ஆரம்பித்த வருகைப்பதிவுத் திட்டம் 60 கோடியைத் தாண்டியது. மாநகர ஊழியர் சங்கங்கள் கத்தின, கைவடிவம் பார்க்கும் கருவியையும் சேர்த்து. வினை எங்கே வந்தது? நிலையான விலை ஒப்பந்தத்தை நடுவில் திருத்தி, கூடுதல் செலவை மாநகரத்தின் தலையில் கட்டினார்கள். கடைசியில் மோசடி வழக்கு. 2012இல் ஒப்பந்தக்காரரான எஸ்.ஏ.ஐ.சி. நிறுவனம் சுமார் 50 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது. அதனால் உங்கள் முதல் கேள்வி: விலை நிலையானதா, திருத்த யாருக்கு அதிகாரம்?

வயர்_மணி:
இயந்திரப் பக்கம். ஒரு கட்டடத்தில் 200 பேர், 1 கருவி, ஆளுக்கு 6 விநாடி என்றால் 20 நிமிட வரிசை. கடைசி ஆள் நேரத்துக்கு வந்தும் "லேட்". எத்தனை கருவி என்று கேட்காமல், வரிசையின் உச்ச நேரத்தைக் கேளுங்கள்.

கண்ணாடிக் கதவுக்கு எதிரே மாட்டினால் காலை வெயில் பின்னாலிருந்து அடித்து முகம் இருட்டாகிவிடும், கருவி திணறும். கைரேகை என்றால் துப்புரவு, தோட்ட வேலைக்காரர்களின் ரேகை தேய்ந்திருக்கும், திரும்பத் திரும்ப நிராகரிக்கும். கார்டோ பின் எண்ணோ மாற்றுவழியாக இருக்கவேண்டும்.

எல்லாரும் கோட்டைவிடும் இடம் ஒன்று: இணையம் அறுந்தபோது பதிந்ததை, கருவி தொட்ட நேரத்தோடு அனுப்புகிறதா, சர்வருக்குப் போய்ச்சேர்ந்த நேரத்தோடா? இரண்டாவது என்றால் 7.55க்கு வந்தவர் 9.20க்கு வந்ததாகக் காட்டும். விற்பனையாளரை வரவழைத்து, கேபிளைக் கழற்றி, பதிந்து, 1 மணி நேரம் கழித்து மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். செயலி என்றால் உயர்மாடிக்குள் ஜி.பி.எஸ். தடுமாறும், அதையும் சோதியுங்கள்.

கிளைச்செயலாளர்_பினாங்கு:
நன்றி அண்ணே. முகத் தரவுக்குத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டலாமா?

பிறை_தோழர்:
வேண்டாம், அங்கே வழுக்கும். 2010 சட்டம் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் விற்பனையாளர் தனியார். படம் எங்கே சேமிக்கப்படும், வேலையை விட்டவரின் தரவு எத்தனை நாளில் அழியும், இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கொள்முதலைத் தடுக்க முடியாவிட்டால் இந்த ஒரு வரியையாவது வாங்கிவிடுங்கள்: "கருவிக் கோளாறால் விடுபட்ட பதிவு, மேற்பார்வையாளர் உறுதிப்படுத்தினால் பிந்தியதாகக் கணக்கிடப்படாது." மாதத்தில் 3 முறை பிந்தினால் பச்சைக் கார்டு (பிந்தி வருபவர் என்று காட்டும் கார்டு) என்ற பழைய விதி இருக்கும்வரை, கருவியின் தப்பு ஊழியரின் கோப்பில்தான் போய் உட்காரும்.