ஏஆர்-15க்கு மாற்று விசை: எல்லாப் பயன்பாட்டுக்கும் ஒன்றே போதுமா?

ஆஸ்டின்வாசி:
என்னிடம் இரண்டு ஏஆர்-15 துப்பாக்கிகளும், சிறிய .22 தோட்டாவைச் சுடும் ஒரு ரூகர் 10/22-உம் இருக்கின்றன. முதல் ஏஆர்-15ஐ, அமெரிக்கத் துப்பாக்கி சுடும் போட்டிகளை நடத்தும் சிஎம்பி அமைப்பின் சர்வீஸ் ரைபிள் (ராணுவ வகைத் துப்பாக்கி) போட்டிக்காக வைத்திருக்கிறேன். பழையதாக வாங்கிய இரண்டாவது, நண்பரின் பண்ணையில் இரவு நேரத்தில் காட்டுப்பன்றி சுடுவதற்கு. 10/22 என் பன்னிரண்டு வயது மகள் சுடப் பழகுவதற்கு. மூன்றிலும் ஆலையில் பொருத்திய விசைகளே உள்ளன. ராணுவ அளவுகோல் 5.5 முதல் 9.5 பவுண்டு வரையிலான இழுவையை (விசை விடுபட விரல் தர வேண்டிய அழுத்தத்தை) ஏற்பதால், ஏழு பவுண்டைத் தாண்டும் என் ஏஆர் விசைகளைப் பழுதானவை என்று சொல்ல முடியாது; ஆனால் இழுக்கும்போது மணலை அரைப்பது போல் நகர்கின்றன. இரண்டுக்கும் ஒரே விசையை வாங்கிவிடலாமா? மகளின் துப்பாக்கிக்கும் ஏதேனும் செய்ய வேண்டுமா?

அறுநூறு கெஜம்:
தாராளமாக ஒரே விசையை வாங்குங்கள். அது இருநிலை விசையாக, அதாவது இரண்டு கட்டமாக இழுக்கும் விசையாக இருக்கட்டும். சர்வீஸ் ரைபிள் பிரிவில் இழுவை 4.5 பவுண்டுக்குக் குறையக் கூடாது என்பது விதி. துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து, விசையில் எடைக்கல்லைக் கொக்கியிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். கல் மேலெழும் முன் விசை விடுபட்டால் அந்தத் துப்பாக்கியோடு களத்தில் இறங்க முடியாது. கைஸ்லி நிறுவனத்தின் எஸ்எஸ்ஏ விசை இந்த விதிக்கென்றே அளவெடுத்ததைப் போல, முதல் நிலையில் ஏறக்குறைய 2.5 பவுண்டும் இரண்டாம் நிலையில் 2 பவுண்டுமாக அமைந்திருக்கிறது. முதல் நிலையை இழுத்து முடித்ததும் விரல் ஒரு சுவரில் முட்டி நிற்கும். 600 கெஜத்தில் மூச்சை அடக்கிக் காத்திருப்பவருக்குக் கடைசியில் மிஞ்சும் வேலை இரண்டு பவுண்டு மட்டுமே.

இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. விசை ஓய்வில் இருக்கும்போது, தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலும் அதைத் தடுத்து நிறுத்தும் சியர் என்ற கொக்கியும் ஆழமாகப் பற்றியிருக்கும். முதல் நிலையை இழுக்கும்போதுதான் அந்தப் பற்று குறையும். ஒருநிலை விசையில் இழுவையைக் குறைக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் அந்தப் பற்றின் ஆழத்தையோ சுருள்வில்லின் வலிமையையோ குறைக்க நேரிடும். பழைய ராணுவத் துப்பாக்கிகளான எம்1 காரண்டிலும் எம்14இலும் இருநிலை விசையே இருந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விரல் ஒரு பழக்கத்தைத்தான் கற்கும். பகலில் ஒரு விசை, இரவில் இன்னொன்று என்று அதைக் குழப்பாதீர்கள்.

எண்ணெய்த்துணி:
போட்டித் துப்பாக்கியைப் பற்றி நண்பர் சொன்னது முழுவதும் சரி. பன்றி வேட்டைக்கு அதையே நீட்டுவதில்தான் நான் மாறுபடுகிறேன். காகித இலக்கு ஓரிடத்தில் நிற்கும். பன்றிக் கூட்டமோ முதல் வெடிச்சத்தம் கேட்டதும் சிதறி ஓடும். வெப்பக்காட்டியில் வெள்ளைப் புள்ளிகளாக ஓடும் விலங்குகளைத் தொடர்ந்து இரண்டாவது, மூன்றாவது தோட்டாவைச் செலுத்துகிற அவசரத்தில், சுவர் எங்கே இருக்கிறது என்று விரல் தேடிக்கொண்டிராது. இரண்டு நிலைகளையும் ஒரே மூச்சில் இழுத்துவிடும். அப்படியானால் அந்தச் சுவருக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? குறுகிய நகர்வும் தெளிவான மீள்வும் (சுட்டபின் அடுத்த தோட்டாவுக்காக விசை முன்னே திரும்புவது) கொண்ட ஒருநிலை விசை அந்த வேலைக்குப் போதும். இழுவையும் நான்கு பவுண்டுக்குக் கீழே இறங்க வேண்டாம், ஏனெனில் குளிர்காலக் கையுறைக்குள் விரல் மரத்துப்போயிருக்கும்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், திருகுகளால் இழுவையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு விசையை வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஒரு பருவம் முழுவதும் பண்ணைச் சாலையில் டிரக்கில் குலுங்கிய பிறகு, ஒருமுறை விசையை இழுத்தபோது இரண்டு தோட்டாக்கள் வெடித்தன. பிரித்துப் பார்த்தால் திருகு தளர்ந்து, சியரின் பற்று நூலிழை அளவுக்குச் சுருங்கியிருந்தது. குழல் மண்ணை நோக்கி இருந்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து களத்துக்குக் கொண்டுபோகும் துப்பாக்கியில் திருகு வைத்த விசையை நான் மாட்டுவதில்லை.

அறுநூறு கெஜம்:
உங்களுக்கு நேர்ந்தது அச்சமூட்டுகிறது; ஆனால் அது திருகுகளுக்கு எதிரான சாட்சியமே தவிர, இருநிலை விசைக்கு எதிரானதாகாது. நான் சொன்ன எஸ்எஸ்ஏவில் பயனர் திருப்பக்கூடிய திருகே கிடையாது. அவசரத்தில் இரண்டு நிலைகளையும் சேர்த்து இழுத்துவிடுவோம் என்கிறீர்கள். இழுத்தால் என்ன கெட்டுப்போகிறது? வேகமாகச் சுடும்போது அதுவும் ஒருநிலை விசை போலவே நடந்துகொள்கிறது. நிதானமாகச் சுட வேண்டிய முதல் பன்றிக்குச் சுவர் இருக்கிறது, ஓடுகிற மற்றவற்றுக்கு அது குறுக்கே நிற்பதில்லை.

எண்ணெய்த்துணி:
இந்த வாதத்துக்கு என்னிடம் முழுமையான மறுப்பு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீள்வின் தூரம் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

கைக்காசு:
இருவரும் விசையின் விலையைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஆலை விசை சில நூறு தோட்டாக்களிலேயே தேய்ந்து மென்மையாகும். அதுவரை பொறுமை இல்லையென்றால், ராணுவ வடிவத்தையே மெருகேற்றி விற்கும் ஏஎல்ஜியின் ஏசிடி போன்றதைக் குறைந்த செலவில் பன்றித் துப்பாக்கிக்குப் போட்டுவிட்டு மிச்சப் பணத்தைத் தோட்டாவில் செலவிடலாம். மலிவாக முடிப்பதாக எண்ணி சுத்தியலின் சுருள்வில்லை மட்டும் மெலிந்ததாக மாற்றிவிடாதீர்கள். ஏஆர்-15இல் தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசிக்குச் சுருள்வில் கிடையாது. தோட்டா உள்ளே ஏறும்போதே அந்த ஊசி, தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டியான பிரைமரை இலேசாகத் தட்டும் என்பதற்காகவே ராணுவத் தோட்டாக்களின் பிரைமரைக் கடினமாகச் செய்கிறார்கள். பலவீனமான சுத்தியல் அந்தக் கடினமான பிரைமரை வெடிக்கவைக்காமல் போகலாம்.

அறுநூறு கெஜம்:
சுருளைப் பற்றிய எச்சரிக்கையை வழிமொழிகிறேன். மகளின் 10/22ஐப் பொறுத்தவரை எதையும் மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. கனமான விசையில் கற்ற கை எந்த விசையிலும் சுடும்.

எண்ணெய்த்துணி:
இங்கே நான் உறுதியாக மறுக்கிறேன். 10/22 கார்பைனின் எடையே சுமார் 5 பவுண்டுதான். ஆலை விசையோ ஆறு பவுண்டை ஒட்டி நிற்கிறது. துப்பாக்கியின் எடையைக் காட்டிலும் அதிகமான விசையைப் பன்னிரண்டு வயதுக் குழந்தை இழுக்கும்போது விசைக்கு முன்னால் துப்பாக்கியே நகரும். அவள் கற்பது குறியை வெட்டி இழுக்கும் பழக்கத்தைத்தான். ரூகரே விற்கும் பிஎக்ஸ் விசைத் தொகுதி 2.75 பவுண்டளவில் விடுபடும். துப்பாக்கியைக் கட்டையிலிருந்து கழற்றியபின் இரண்டு குறுக்கு ஊசிகளைத் தள்ளினால் பழைய தொகுதி கழன்றுவிடும், அராவ வேண்டியதில்லை. சுடத் தீர்மானிக்கும்வரை விரல் விசைக்காப்புக்கு வெளியே இருக்க வேண்டும் என்ற ஒழுக்கத்தை அப்பா கற்றுக்கொடுக்க வேண்டும். அதை விசையின் கனத்திடம் ஒப்படைக்கக் கூடாது.

ஆஸ்டின்வாசி:
மகளுக்கு பிஎக்ஸ் வாங்குவதாக முடிவு செய்துவிட்டேன். இரண்டு ஏஆர்களுக்கும் எஸ்எஸ்ஏ என்று நேற்றிரவு இணையக் கடையின் கூடையில்கூடப் போட்டுவிட்டேன்.

எண்ணெய்த்துணி:
பணம் செலுத்தும் முன், விசையையும் சுத்தியலையும் துப்பாக்கியில் பிடித்துவைக்கும் ஊசிகளின் விட்டத்தை அளந்துவிடுங்கள். வழக்கமான அளவு 0.154 அங்குலம். பழைய கோல்ட் துப்பாக்கிகள் சிலவற்றில் 0.170 வரும்.

ஆஸ்டின்வாசி:
நல்லவேளை, சொன்னீர்கள். பன்றித் துப்பாக்கி பழைய கோல்ட்தான், வெர்னியரில் 0.170 காட்டுகிறது. கூடையிலிருந்து ஒன்றை நீக்கிவிட்டேன். பெரிய ஊசிக்கு உரிய விசையைத் தேடும்வரை அந்தத் துப்பாக்கி இந்தப் பருவத்தையும் மணல் அரைக்கும் விசையோடுதான் கழிக்கும்.