மலை ஆஸ்பத்திரியிலிருந்து எக்ஸ்ரே அனுப்ப வாட்ஸ்அப் தவிர வேறு வழி உண்டா?

மலைரேடியோ:
வணக்கம். ஜவ்வாது மலையில் ஒரு சின்ன அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீசியனாக இருக்கிறேன். படம் பார்த்துச் சொல்ல ரேடியாலஜிஸ்ட் இங்கே கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் வரும் படத்தைப் போனில் பிடித்து, வேலூரில் இருக்கும் டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். ஆறு வருடமாக இப்படித்தான்.

போன மாதம் புளி உலுக்க ஏறி விழுந்த பெரியவர் ஒருவர் வந்தார். நெஞ்சுப் படம் எடுத்து அனுப்பினேன். விலா எலும்பில் முறிவு, வேறொன்றும் இல்லை என்று பதில் வந்தது. சாயங்காலம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ஓடிப் போய் கம்ப்யூட்டரில் அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது பக்கம், காறை எலும்புக்குக் கீழே தலைமுடி மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடு. அதற்கு வெளியே நுரையீரலின் ரேகையே இல்லை, வெறும் காற்று. போனில் பிடித்த படத்தில் அந்தக் கோடு மருந்துக்கும் இல்லை. 108இல் கீழே அனுப்பினோம். நெஞ்சில் குழாய் போட்டு அந்தக் காற்றை வெளியேற்றினார்கள், பிழைத்துக்கொண்டார்.

அதே மாதம் இன்னொன்று. காசநோய் சந்தேகத்தில் வந்த ஒரு பெண்ணின் படத்தை அவசரத்தில் வேறு குரூப்பில் போட்டுவிட்டேன். இரண்டு நிமிடத்தில் அழித்தேன். ஆனால் படத்தின் மூலையில் பெயர், வயது, ஊர் எல்லாம் இருந்தது. மறுவாரம் குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளி வைக்கச் சொன்னார்களாம். பரிசோதனையில் காசநோய் இல்லை என்றே வந்தது. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் அம்மா எனக்கு மோர் கொடுத்தார். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

இங்கே 4ஜி சில நேரம் ஒரு கோடுதான் காட்டும். பணம் கட்டி மென்பொருள் வாங்க வசதி இல்லை. வழி சொல்லுங்கள்.

நிழல்படம்:
தங்கச்சி, நான் ரேடியாலஜிஸ்ட். அந்தக் கோட்டைத் தவறவிட்டதற்கு உங்கள் டாக்டரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எக்ஸ்ரே கருவி தருவது டைகாம் (DICOM) கோப்பு, அதாவது மருத்துவப் படங்களுக்கென்றே உள்ள கோப்பு வகை. அதில் சாம்பல் நிறத்தில் ஆயிரக்கணக்கான படிநிலைகள் உண்டு. எங்கள் திரையில் அதை வெளிச்சமாக்கியும் இருட்டாக்கியும் பார்த்துத்தான் மெல்லிய கோட்டைப் பிடிக்கிறோம். போனில் பிடித்ததும் அது 256 படிகளாகிவிடுகிறது. வாட்ஸ்அப் வேறு இன்னும் சுருக்கிவிடும். தொலைந்துபோன வெளிச்சத்தை நான் இங்கே எப்படித் திருப்பிக் கொண்டுவருவது? மூலக் கோப்பை அனுப்புங்கள், அது போதும்.

கம்பிவேலை:
ஆஸ்பத்திரி நெட்வொர்க் வேலைதான் எனக்கும். டைகாம் படங்களைச் சேமித்து அனுப்ப ஆர்தாங்க் (Orthanc) என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, பெல்ஜியத்தில் உருவானது. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். எக்ஸ்ரே கருவியிலிருந்து படம் நேராக அதற்குள் வந்துவிடும். அனுப்பும் பிரதியில் பெயரை நீக்கி எண் போடவும் அதிலேயே வசதி உண்டு. எந்த எண் யாருடையது என்பது உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் நீக்காதீர்கள், டாக்டருக்கு அது வேண்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஆர்தாங்கை நேராக இன்டர்நெட்டில் திறந்து வைக்காதீர்கள். முதலில் வரும் கடவுச்சொல் ஊருக்கே தெரிந்தது, உடனே மாற்றிவிடுங்கள். வயர்கார்டு (WireGuard) என்ற இலவச விபிஎன், அதாவது வெளியார் நுழைய முடியாத தனி இணைப்பு போட்டு, உங்கள் கம்ப்யூட்டருக்கும் டாக்டரின் கம்ப்யூட்டருக்கும் மட்டும் பாதை கொடுங்கள்.

சிக்னலைப் பற்றிப் பயம் வேண்டாம். நெஞ்சுப் படம் ஒன்று சுமார் 15 எம்பி வரும், தரம் குறையாமலே அதைப் பாதிக்குச் சுருக்கலாம். சிடி ஸ்கேன்தான் சிரமம். 300 துண்டுப் படம் என்றால் 150 எம்பி ஆகிவிடும். உங்களிடம் அது இல்லையே.

மலைரேடியோ:
நன்றி டாக்டர், நன்றி அண்ணா. நேற்று தம்பி ஒருவன் உதவியோடு போட்டுவிட்டேன். ஒரு கோடு சிக்னலில் முதல் படம் போக நான்கு நிமிடம் ஆனது. டாக்டர் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் இதை ஏன் அனுப்பவில்லை?" என்றார்.

ஒரு சந்தேகம். அல்ட்ராசவுண்டு படத்தில் எண் போட்ட பிறகும் மேலே பெயர் தெரிகிறதே?

கம்பிவேலை:
அங்கே பெயர் படத்தோடு படமாகப் பதிந்திருக்கும். கோப்பில் பெயரை நீக்கினாலும் அது போகாது. ஸ்கேன் எடுக்கும்போதே பெயர்க் கட்டத்தில் எண்ணை அடித்துவிடுங்கள்.

அப்புறம், ஆறு வருடமாகப் பிடித்ததெல்லாம் உங்கள் போன் கேலரியில் இருக்குமே?

மலைரேடியோ:
இருக்கிறது அண்ணா. கூகுள் போட்டோஸிலும் ஏறியிருக்கிறது. மூலப் படங்கள் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு இரண்டு இடத்திலும் அழித்துக்கொண்டிருக்கிறேன். 2022 வரை முடிந்தது.