52 கோர் வருகிறதாம்

நான்: அடுத்த வாரம் ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யலாம் என்று இருக்கிறேன், வீடியோ எடிட்டிங்குக்கு. மாமா, சிப் ஏஎம்டியின் ரைசன் வாங்கட்டுமா, இன்டெல்லா?

தம்பி: அக்கா, இப்போது வாங்காதே!! இன்டெல்லின் புது சிப் நோவா லேக் வருகிறது. 52 கோர், அதாவது ஒரே சிப்புக்குள் 52 மூளை. லீக் ஆகிவிட்டது.

தம்பி: (படம்: ஒரு யூடியூப் சேனல் போட்ட நோவா லேக் பட்டியல்)

தம்பி: ஏஎம்டி கதை முடிந்தது 🔥

பெரியப்பா: நான் அப்போதே சொன்னேன், இன்டெல் இன்டெல்தான். நம் வீட்டு பென்டியம் இன்னும் பரணில் இருக்கிறது. கரண்ட் கொடுத்தால் ஓடும்.

பெரியம்மா: அதில் கரப்பான்தான் ஓடுகிறது. எடைக்குப் போடுங்கள் என்றால் கேட்பதில்லை.

மாமா: மாப்பிள்ளை, நீ அனுப்பின படத்தை நீயே படித்தாயா? 16 பெரிய கோர், 32 சின்ன கோர், மிச்சம் 4 மின்சாரம் குறைவாக இழுக்கிற கோர். எல்லாவற்றையும் கூட்டி மேலே கொட்டை எழுத்தில் 52.

தம்பி: இந்தச் சேனல் சொன்னால் தப்பாது மாமா.

மாமா: 2018 டிசம்பரிலும் இப்படி ஒரு பட்டியல் வந்தது. ரைசன் 3000 வரிசை முழுவதும், பெயர், கோர், வேகம், விலை எல்லாம் போட்டு. உச்சியில் ரைசன் 9 3850எக்ஸ்: 16 கோர், 5.1 கிகாஹெர்ட்ஸ், 499 டாலர். ஜனவரி சிஇஎஸ் கண்காட்சி மேடையில் அறிவிப்பார்கள் என்று வேறு.

மாமா: ஜனவரியில் ஏஎம்டி தலைவர் லிசா சூ மேடையேறினார். கையில் காட்டியது ஒரு 8 கோர் சாம்பிள். பட்டியலும் கிடையாது, விலையும் கிடையாது.

தம்பி: ஆனால் 16 கோர் வந்ததே!

மாமா: வந்தது. பெயர் 3950எக்ஸ், வேகம் 4.7, விலை 749 டாலர், மாதம் நவம்பர். 499க்குக் கிடைத்தது 12 கோர். 8 கோர், 178 டாலர் என்று போட்டிருந்த 3600, 6 கோராக 199க்கு வந்தது.

நான்: அப்படியென்றால் முழுப் பொய்யும் இல்லையே.

மாமா: அதுதான் தொல்லையே. ஒன்று பலித்தால் மிச்சத்தையும் நம்பிவிடுகிறோம். கோர் எண்ணிக்கை டிசைனிலேயே முடிவாகிவிடும், பல பேருக்குத் தெரியும், கசியும். வேகம் அப்படியில்லை, சிப் கைக்கு வந்து சோதித்த பிறகுதான். விலையோ கடைசி நேரத்தில், எதிராளி என்ன வைக்கிறான் என்று பார்த்துவிட்டு. 2019இல் ஏஎம்டி தானே மேடையில் அறிவித்த 5700 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு விலையை, கடைக்கு வர 2 நாள் இருக்கும்போது 449இலிருந்து 399 ஆக்கியது. கம்பெனியே முடிவு செய்யாத விலை ஆறு மாதம் முன்பே யூடியூப்காரருக்கு எங்கிருந்து கிடைக்கும்?

பெரியப்பா: ஏஎம்டி அப்படித்தான். இன்டெல் சொன்னால் சொன்னபடி.

மாமா: அத்தான், 2018 கம்ப்யூடெக்ஸ் கண்காட்சி மேடையில் இன்டெல் 28 கோரை 5 கிகாஹெர்ட்ஸில் ஓட்டிக் காட்டியது. கைதட்டல் எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், மறைவில் ஒரு சில்லர் வைத்துத் தண்ணீரைக் குளிர்வித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய மீன்தொட்டிகளுக்கு வைக்கிற ரகம். ஓவர்கிளாக் செய்தது, அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல் முடுக்கியது என்பதை மேடையில் மூச்சு விடவில்லை.

பெரியம்மா: மீன்தொட்டியா? 😄

தம்பி: அப்போ எதையுமே நம்பக்கூடாதா?

மாமா: காசு கொடுத்து வாங்கினவன் புலம்பினால் காது கொடு. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை சிப் கேம் நடுவில் நின்றுபோகிறது என்று மாதக்கணக்கில் கத்தினார்கள். முதலில் மதர்போர்டு மேல் பழி போனது. 2024 ஜூலையில் இன்டெல்லே ஒப்புக்கொண்டது, சிப்புக்குள் ஓடுகிற மைக்ரோகோடு என்ற கட்டுப்பாட்டு நிரல் தேவைக்கு அதிகமாக வோல்டேஜ் கேட்கிறது என்று. வாரண்டியை 2 வருடம் நீட்டினார்கள். அதைச் சொன்னவர்கள் பொருளைக் கையில் வைத்திருந்தார்கள். உன் சேனல்காரர் கையில் என்ன இருக்கிறது, ஒரு எக்செல் ஷீட்டா?

தம்பி: 🙄

அம்மா: சரி, இவள் இப்போது வாங்கலாமா கூடாதா? அதைச் சொல்லுடா முதலில்.

மாமா: வாங்கலாம் அக்கா. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறின ஏற்றத்தைப் பார்த்த பிறகு, வராத சிப்புக்காகக் காத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாமா: நீ ஒன்று சொல் பாப்பா. கேமரா ஃபைல் 4:2:2 10 பிட் எச்.265ஆ, அதாவது நிற விவரம் அதிகம் வைத்துச் சுருக்கின வீடியோ வகையா? அப்படியென்றால் இன்டெல்லின் உள்ளே இருக்கிற கிராபிக்ஸே அதைச் சுலபமாகப் பிரித்துவிடும், டைம்லைன் திக்காது. ரைசனின் உள்ளே இருக்கிற கிராபிக்ஸால் அது முடியாது, தோதான தனி கார்டு போட வேண்டும். அதற்கும் பட்ஜெட் இருந்தால் ரைசனே போதும்.

பெரியப்பா: பார்த்தாயா, இன்டெல்!

நான்: கேமரா தோழியுடையது மாமா. ராத்திரி கேட்டுச் சொல்கிறேன்.

மாமா: ஒரு ஃபைலே வாங்கி அனுப்பு, இங்கே போட்டுப் பார்த்துவிடலாம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதே, சுருக்கிவிடும். டிரைவில் போடு.