மறு: ‘ஸ்கெட்ச்’: கோட்டோவியமா, புனையா ஓவியமா?

அன்புள்ள குழுவினருக்கு,

நாளை காலை பயிற்சித்தாள் அச்சுக்குப் போகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பென்சில் ஸ்கெட்சைப் பார்த்து ரசித்து எழுத வேண்டும். அந்த ‘ஸ்கெட்ச்’சுக்குத் தாளில் எந்தச் சொல்லைப் போடுவது என்பதுதான் கேள்வி. பக்கிங்காம் கால்வாயில் இரண்டு விறகுப் படகுகள். மயிலாப்பூர்ப் பக்கம், 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய பகுதி.

‘ஸ்கெட்ச்’ என்றே விடலாம் என்றார் அண்ணன். விட்டுப் பார்த்தேன். நம் பிள்ளைகளுக்கு ஸ்கெட்ச் என்றால் கலர் பேனா. பாதி வகுப்பு அதைத்தான் பையிலிருந்து எடுத்தது.

> கோட்டோவியம் எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஐயா. ஆனால் இந்தப் படத்தில் கோடு குறைவு. பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தே படகின் அடிப்பக்கத்தை இருட்டாக்கியிருக்கிறார் ஓவியர். தண்ணீர் வெறும் தாள்தான். படகுக்குக் கீழே நடுங்கினாற்போல நாலு இழுப்பு, கால்வாய் வந்துவிடுகிறது. கழி ஊன்றுபவரின் முகத்தைத் தொடவே இல்லை. இப்படி மிச்சம் வைத்ததுதான் என்னைத் திரும்பத் திரும்பப் பார்க்க வைக்கிறது.

அதற்குச் சொல் சங்கப் பாட்டான நெடுநல்வாடையிலேயே இருக்கிறது: ‘புனையா ஓவியம் கடுப்ப’. பிரிவில் அணி களைந்து கிடக்கும் அரசிக்கு, வண்ணம் தீட்டாத சித்திரத்தை உவமை சொல்கிறார் நக்கீரர். மணிமேகலையிலும் வருகிறது. ‘புனையா’ என்பது ‘புனையாத’ என்பதன் ஈறு கெட்ட வடிவம், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இலக்கண வகுப்புக்கும் உதவும்.

> புனை, புணை ஒரே வேர். படகுப் படத்துக்கு எவ்வளவு பொருத்தம்!

றன்னகரத்தையும் (ன) டண்ணகரத்தையும் (ண) கலக்க வேண்டாம். ‘நீர்வழிப் படூஉம் புணை’ பிணைத்துக் கட்டிய தெப்பம். அது ‘பிணை’யோடு சேரும் என்பதே என் எண்ணம்.

பென்சிலைக் ‘கரிக்கோல்’ ஆக்குவதற்கும் நான் உடன்படவில்லை. கரித்துண்டால் வரைவது வேறு கலை.

---

அம்மா,

இன்றைக்குப் ‘புனைவு’ என்றால் கற்பனைக் கதை. ‘புனையா ஓவியம்’ என்று போட்டால், உள்ளதை உள்ளபடி வரைந்த படம் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். சங்கச் சொல் என்பதற்காக இன்றைய பொருளை மறந்துவிட முடியாது. கோட்டோவியத்தில் குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். நேரமில்லை, அதையே போடுங்கள். இங்கே நாலு பேர் அதைத்தான் சொல்கிறோம்.

---

சரி ஐயா. தலைப்பில் கோட்டோவியம் போகிறது. படத்துக்கு அடியில் நெடுநல்வாடை வரியைப் பொருளோடு சேர்த்துவிட்டேன். அதை எடுக்கச் சொல்லாதீர்கள். முதல் கேள்வி: ‘இந்தப் படத்தில் தண்ணீரை எங்கே வரைந்திருக்கிறார்?’