புல்வெளிக்குத் தீ வைத்தால் விலங்குகள் பிழைக்குமா?

கயல்:
அசாமின் காசிரங்கா தேசியப் பூங்காவில் வனத்துறையே வருஷா வருஷம் புல்வெளிக்குத் தீ வைக்கிறதாமே, உண்மையா? புல்லுக்குள் இருக்கிற குட்டியும் முட்டையும் என்ன ஆகும்? படித்ததிலிருந்து மனசே கேட்கவில்லை.

மருதன்:
உண்மைதான். யானைப்புல் முற்றிவிட்டால் வெறும் நார், மான் கூட்டத்துக்குத் தீனியாகாது. அப்படியே விட்டால் புதரும் மரமும் ஏறிப் புல்வெளியே இல்லாமல் போகும்.

கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போனபோது ஓர் எரிப்பைக் கிட்ட நின்று பார்த்தேன். இடுப்பளவுப் புல். முதலில் சுற்றிலும் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போட்டார்கள். பனி ஈரம் காய்ந்ததும், காற்றுக்கு எதிராக ஊர்ந்து போகும்படி பற்றவைத்தார்கள். தீ முழங்காலுக்கு மேல் எழவில்லை. கரிச்சான்கள் புகைக்குள்ளே பாய்ந்து வெட்டுக்கிளி பிடித்தன. பத்து நாள் கழித்துப் போனால், கருகின தூருக்குள்ளிருந்து விரல் நீளத்துக்குப் பச்சை. பக்கத்திலேயே ஈரம் காயாத மான் புழுக்கை!

செழியன்:
எல்லா உயிருக்கும் அது ஒத்துவராது. அசாமில் மிஞ்சியிருக்கும் குள்ளப்பன்றி சுமார் 25 செ.மீ. உயரம்தான். புல்லைக் குவித்துத்தான் கூடு கட்டும். மொத்தப் புல்லையும் ஒரே மூச்சில் எரித்தால் அது எங்கே ஒண்டும்?

மருதன்:
செழியன் சொல்வது சரி, அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். துண்டு துண்டாக எரிக்க வேண்டும், இந்த வருஷம் எரித்ததை அடுத்த வருஷம் விட்டுவைக்க வேண்டும். காலமும் முக்கியம். தரையில் முட்டையிடும் வங்க வரகுக்கோழி மார்ச்சிலேயே இணைசேரத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு தீக்குச்சியைத் தொடவே கூடாது.

கயல்:
மலைக்காட்டிலும் இப்படிச் செய்வார்களா?

மருதன்:
கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். 'தரகு பெங்கி' என்பார்கள், சருகுத் தீ. கோடை தொடங்கும்போதே, தை மாசியில், சருகு மட்டும் எரியும்படி வைப்பது. 1974-ல் அந்த மலை சரணாலயமானது, தீ வைப்பது குற்றமானது. அதன் பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது, நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியது என்று அவர்கள் சொல்கிறார்கள். நான் அதை நம்புகிறேன். உண்ணிப் புதர் ஆள் உயரத்துக்கு மண்டின இடத்தில் பங்குனி வெயிலில் தற்செயலாகத் தீ பிடித்தால், அது கொடியைப் பிடித்துக்கொண்டு மரத்தின் உச்சிக்கே ஏறிவிடும். இன்றைக்கு அங்கே சருகுத் தீ வைப்பதென்றாலும், முதலில் அந்தப் புதரை வேரோடு பிடுங்கியாக வேண்டும்.