இலியட் (டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் கிரேக்கக் காவியம்) போர்க்களம்: மனதை விட்டுப் போகாத ஒரு மோதலைச் சொல்லுங்கள்

ஸ்கமாந்தர்க்கரை:
21ஆம் காண்டம், டிராய்ப் பக்கம் நின்று போரிடும் அஸ்டெரோபயாஸ். டிராய் இளவரசன் ஹெக்டர் சாவைப் பற்றி ஊரே பேசுகிறது, இந்த ஆளை யாரும் கண்டுகொள்வதில்லை. டிராய்க்கு வந்து பதினோராம் நாள். இரண்டு கையாலும் எறியத் தெரிந்தவன் என்பதால் இரண்டு ஈட்டியையும் ஒரே நேரத்தில் விடுகிறான். ஒன்று கிரேக்க மாவீரன் அகிலிஸின் கேடயத்தில் பட்டுத் தங்கத் தகட்டோடு நின்றுவிட, இன்னொன்று வலது முன்கையைக் கீறிக்கொண்டு போய் மண்ணில் குத்தி நிற்கிறது. இலியட் முழுக்க அகிலிஸின் ரத்தத்தைப் பார்ப்பது இந்த ஓரிடத்தில்தான். (குதிகாலில் அடிபட்டால்தான் அகிலிஸ் சாவான் என்ற கதை பிற்காலச் சரக்கு. ஹோமரிடம் கிடையாது.)

பதிலுக்கு அகிலிஸ் எறிந்தது குறி தவறி, ஆற்றங்கரை மேட்டில் பாதித் தண்டு வரை இறங்கிவிடுகிறது. அவன் வாளை உருவிக்கொண்டு பாய்கிறான். அஸ்டெரோபயாஸ் என்ன செய்கிறான்? மேட்டில் புதைந்த அந்த ஈட்டியைப் பிடுங்கப் பார்க்கிறான்! மூன்று முறை ஆட்டிப் பார்த்து மூன்று முறையும் விட்டுவிடுகிறான். நான்காவது முறை வளைத்து ஒடிக்கப் போகும்போது தொப்புள் பக்கத்தில் வாள் இறங்கிவிட்டது.

அது பீலியன் மலை ஆஷ் மரத்து ஈட்டி. 16ஆம் காண்டத்தில் அகிலிஸின் கவசத்தையெல்லாம் மாட்டிக்கொண்ட அவன் நண்பன் பாட்ரோக்ளஸே இதை மட்டும் தொடாமல் வைத்துவிட்டுப் போனான், வேறு யாராலும் வீச முடியாது என்பதால். சரி, அது போகட்டும். எனக்கு உறுத்துவது வேறு. அஸ்டெரோபயாஸிடம் வாள் இருந்தது. வெள்ளிக் குமிழ் பதித்த திரேஸ் நாட்டு வாள். 23ஆம் காண்டத்தில் அகிலிஸ் அதைத்தான் பந்தயப் பரிசாக எடுத்து வைக்கிறான். அதை ஏன் உருவவில்லை?

நெஸ்டரின் கோப்பை:
ஈட்டிக்காரனுக்கு வாள் கடைசிக் கைதான். ஹெக்டரையே பாருங்கள், 22ஆம் காண்டம். எறிந்த ஈட்டி அகிலிஸின் கேடயத்தில் நட்ட நடுவில் பட்டுத் தெறித்துப் போகிறது. இன்னொன்று கையில் இல்லை. தம்பி டெயிபோபஸைக் கூப்பிட்டு நீள ஈட்டி கேட்கிறான், பக்கத்தில் ஆளே இல்லை. தம்பி உருவத்தில் வந்து நின்றது அகிலிஸ் பக்கத்துத் தெய்வம் அதீனா. அகிலிஸ் எறிந்து தவறிய ஈட்டியை அவள் ஏற்கெனவே எடுத்து அவன் கையில் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் ஹெக்டர் வாளை உருவுகிறான். வாள் நீளத்துக்குள் போய்ச் சேர்வதற்குள் ஈட்டி எட்டிவிடுகிறது.

என்னை விடாமல் பிடித்திருப்பது அந்தக் கழுத்து. உடம்பு முழுக்க வெண்கலம், காறை எலும்பு கழுத்தைத் தோளிலிருந்து பிரிக்கும் இடம் மட்டும் திறந்திருக்கிறது. அது அகிலிஸின் பழைய கவசம், பாட்ரோக்ளஸ் உடலிலிருந்து உரித்தது. எங்கே இடைவெளி என்று சொந்தக்காரனுக்குத் தெரியாதா? ஈட்டி கழுத்தைத் துளைத்தும் மூச்சுக்குழாய் அறுபடவில்லை என்று கவிஞர் மெனக்கெட்டுச் சொல்கிறார். ஹெக்டர் இன்னும் பேச வேண்டியது பாக்கி இருக்கிறதே!

அறுந்த வார்:
கோப்பை சார், "சொந்தக்காரனுக்குத் தெரியாதா" என்பது நீங்கள் சேர்த்தது. அகிலிஸ் எந்த இடம் இணங்கும் என்று உடம்பைக் கண்ணால் துழாவுகிறான், அவ்வளவுதான் பாட்டில் இருக்கிறது. அந்தக் கவசம் ஹெக்டர் உடம்போடு பொருந்திப் போனதை 17ஆம் காண்டம் சொல்கிறது. காறை எலும்பு யார் கவசத்திலும் பலவீனமான இடம்.

வாளைக் கடைசிக் கை என்று ஒதுக்கவும் முடியாது. ஃப்ரோலிஹ் என்ற ஜெர்மானிய ராணுவ மருத்துவர் 1879இல் இலியட்டின் காயங்களை எண்ணினார். மொத்தம் 147. ஈட்டி 106, வாள் 17, அம்பு 12, கல் 12. வாள் பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பிரச்சினை வெட்டில் இல்லை, வாளிலேயே இருக்கிறது. 3ஆம் காண்டத்தில், போரைத் தீர்க்க நடக்கும் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில், கிரேக்க அரசன் மெனலாஸ் ஓங்கி டிராய் இளவரசன் பாரிஸின் தலைக்கவச முகட்டில் போட்டதும் வாள் மூன்று நான்கு துண்டாகச் சிதறுகிறது. இத்தனைக்கும் அதற்கு முன் எறிந்த ஈட்டி கேடயம், மார்க்கவசம் எல்லாம் துளைத்து விலாப் பக்கம் உடையைக் கிழித்தது. பாரிஸ் உடம்பை ஒடுக்கிக்கொண்டதால் தப்பினான்.

ஆயுதம் போச்சு. மெனலாஸ் குதிரைமுடிக் குஞ்சத்தைப் பிடித்து ஆளையே கிரேக்கர் பக்கம் இழுக்கிறான். தாடைக்குக் கீழே தையல் வேலை செய்த வார் பாரிஸின் மென்மையான கழுத்தை நெரிக்கிறது. இன்னும் நாலு அடி இழுத்திருந்தால் போரே முடிந்திருக்கும். பாரிஸைக் காக்கும் தேவி அப்ரோடைட்டி வாரை அறுத்துவிட, கையில் வெறும் தலைக்கவசம். உறுதியான மாட்டுத்தோல் வார் என்று பாட்டே சொல்லும்போது, அது தானாக அறுந்தது என்று யாரும் வாதாட முடியாது.

எட்டாம் அடுக்கு:
தங்கத் தகடு என்றதும் ஒரு வம்பு. 20ஆம் காண்டத்தில் அகிலிஸ் கேடயத்துக்கு ஐந்து அடுக்கு: வெண்கலம் 2, வெள்ளீயம் 2, தங்கம் 1. டிராய் வீரன் ஈனியாஸின் ஈட்டி இரண்டைத் துளைத்துத் தங்கத்தில் நிற்கிறது. அப்படியானால் தங்கம் உள்ளே, நடுவில். மென்மையான, இருப்பதிலேயே கனமான உலோகத்தை யார் கண்ணிலும் படாத இடத்தில் எந்தக் கொல்லன் வைப்பான்? ஹோமரை ஆராய்ந்த பழங்கால அலெக்சாண்டிரியா அறிஞர்களே இந்த வரிகளைச் சந்தேகப்பட்டார்கள்.

கிரேக்க வீரன் அஜாக்ஸின் கேடயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. டிக்கியஸ் என்ற தோல் தொழிலாளி செய்தது. ஏழு மாட்டுத்தோல், மேலே எட்டாவதாக வெண்கலம். ஹெக்டரின் ஈட்டி வெண்கலத்தையும் ஆறு தோலையும் கிழித்து ஏழாவதில் நிற்கிறது. தங்கம் ஒரு தெய்வத்தின் கொடை, தோல் ஒரு தொழிலாளியின் கணக்கு. என் ஓட்டு தோலுக்கு.

கசப்பு வேர்:
கிரேக்க வீரன் டயோமீடிஸ், 5ஆம் காண்டம். தேர்ப் பக்கமாக நின்று கேடய வாரைத் தூக்கிப் பிடித்து, அடியில் கசியும் கறுத்த ரத்தத்தைத் துடைக்கிறான். அகலமான வாருக்குக் கீழே வியர்வை அரிக்கிறது, கை சோர்ந்துவிட்டது. அத்தனை பேரை வீழ்த்தியவன் அந்த நேரத்தில் செய்வது இது.

இதைச் சொல்ல வந்தவன் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சண்டைக் காண்டங்களைத் தாண்டிப் போகிறவர்களுக்காக. பெயர்ப் பட்டியலாகப் படிக்காதீர்கள், காயத்தைப் பின்தொடருங்கள். அம்பு எடுக்கும் மூன்று இடங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மெனலாஸ் (4ஆம் காண்டம்): அம்பு கச்சை, மார்க்கவசம், உள்பட்டை மூன்றையும் கடந்து தோலைக் கீறியதோடு சரி. அம்புமுனையைக் கட்டிய நரம்பும் முனையின் கொக்கிகளும் வெளியே தெரிகின்றன. அதனால் மருத்துவர் மகயோன் வந்த வழியே பின்னுக்கு இழுக்கிறார். கொக்கிகள் ஒடிகின்றன, ரத்தத்தை உறிஞ்சிவிட்டு மருந்து தூவுகிறார். டயோமீடிஸ் (5): அம்பு வலது தோளைத் துளைத்துப் போய்விட்டது. பின்னுக்கு இழுத்தால் கொக்கி சதையைப் பிய்க்கும். தோழன் ஸ்தெனலஸ் அம்பு போன திசையிலேயே உருவுகிறான். யூரிப்பிலஸ் (11): தொடையில் அம்பு, தண்டு முறிந்துவிட்டது, பிடித்து இழுக்க எதுவும் இல்லை. பாட்ரோக்ளஸ் அவனைப் படுக்கவைத்துக் கத்தியால் அறுத்தெடுக்கிறான், வெதுவெதுப்பான நீரால் கழுவுகிறான், கசப்பு வேரைக் கையால் கசக்கி வைக்கிறான், ரத்தம் நிற்கிறது. மூன்று காயம், மூன்று விதமான சிகிச்சை, மூன்றுக்கும் காரணம் பாட்டிலேயே இருக்கிறது. பாடியவனோ அவனுக்கு முன் பாடியவர்களோ இதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

பக்கக்குதிரை:
பாடம் நன்று, கேட்டவர் யாரென்றுதான் தெரியவில்லை :)

எனக்கு 16. அகிலிஸின் தேரில் சாகாத குதிரைகள் இரண்டு, பக்கத்தில் சாகக்கூடிய பெடாசஸ். டிராய்ப் பக்கத்துச் சார்பெடான் எறிந்த ஈட்டி பாட்ரோக்ளஸைத் தவறவிட்டுப் பெடாசஸின் வலது தோளில் இறங்குகிறது. ஒன்று விழுந்ததும் மற்ற இரண்டும் ஆளுக்கொரு பக்கம் விலகுகின்றன, நுகம் கிறீச்சிடுகிறது, கடிவாளம் சிக்குகிறது. தேரோட்டி ஆட்டோமெடான் வாளை உருவிக்கொண்டு பாய்ந்து பக்கக்குதிரையின் வாரை அறுத்ததும் மற்ற இரண்டும் நேராகின்றன. 8ஆம் காண்டத்தில் நெஸ்டர் இதே வேலையைத் தொடங்குகிறார். கிழவர் வாரை வெட்டிக்கொண்டிருக்கும்போதே ஹெக்டரின் தேர் நெருங்கிவிடுகிறது. டயோமீடிஸ் வந்திராவிட்டால் கதை முடிந்தது.

அஸ்டெரோபயாஸ் பற்றி: ஓடியிருக்கலாம் என்று யாராவது சொல்லும் முன் 5ஆம் காண்டத்து டிராய்க்காரன் ஃபெரெக்ளஸைப் பாருங்கள். ஓடும்போது வலது பிட்டத்தில் குத்திய ஈட்டி மூத்திரப்பை வழியாக வெளியே வந்தது. புறப்புண் அங்கேயும் அவமானம்தான்.

ஸ்கமாந்தர்க்கரை:
ஓடவில்லை என்பதல்ல கேள்வி. வாள் இடுப்பில், எதிரி வாளோடு வருகிறான், மூன்று முறை ஆட்டியும் அசையாத ஈட்டியை நான்காவது முறை ஏன் தொட வேண்டும்? ஒடித்துப்போட்டுவிட்டால் அகிலிஸுக்கு அதற்கு மாற்று கிடையாது என்பதாலா? அப்படியென்றால் அவன் தன் உயிரை விட்டு அந்த ஈட்டியைக் குறி வைத்திருக்கிறான். இதற்கு எதிராக ஒரு வரி காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.